ஒன்பது தப்படி துப்பல்

டோரீனின் 'மூன்று மீன்கள்' மதுக்கடையை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஆள் வந்துவிட்டான். பங்க் என்கிற அலறல் இசை பிறந்த இடம் இது என்று நகரமன்றம் ஒரு நினைவுத் தகடு பதித்துவிட்டால் இடிக்க முடியாது. ஆனால் எதிர்ச்சாரியில் 'கொக்கு' கடை நடத்தும் கிளைவும் அதே தகட்டைக் கேட்டிருந்தான்.

விசாரிக்க வந்த அதிகாரி பெட்டிஃபரின் பையில் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் இருந்தன.

"நியூயார்க்காரன் எங்களுதுங்கறான். டெட்ராய்ட்காரன் அவனுக்கும் முன்னாடி நாங்கங்கறான். பெரு நாட்டுலேருந்துகூட ஒருத்தர் எழுதியிருக்கார். அவங்க அடிச்சுக்கட்டும். கிதாரை யாரு வேணா அலற விடலாம். பாடறவன் மேல துப்பிப் பாராட்டறது நம்ம லண்டன் வழக்கம். எந்தக் கடையில முதல்ல துப்புனாங்களோ, அங்கதான் தகடு."

அந்தக் காலத்தில் பகலில் எனக்குக் கட்டட வேலை; சாயங்காலம் இரண்டு கடையிலும் தரை துடைப்பேன். ஆகவே சாட்சி நான்தான்.

"லென் கண்ணு, எங்க முதல்ல எச்சில் தொடச்ச? நெதானமா யோசிச்சுச் சொல்லு" என்றாள் டோரீன். கடைக்கு மேலேதான் அவள் குடியிருப்பு. அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

யோசிக்க என்ன இருக்கிறது? எழுபத்தாறாம் வருடக் கோடை. மழையில்லாமல் பூங்காவில் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. பகல் முழுக்க ஒரு பழைய வீட்டில் காரை கொத்திவிட்டு நேரே இங்கே வந்தேன். மேடையில் ஒருத்தன் வாலை மிதித்த நாய்போலக் கத்திக்கொண்டிருந்தான். நெஞ்சில் அடைத்த காரைத் தூசியில் எனக்கு இருமல் பிடுங்கியது. வாசலுக்கு வெளியே துப்பத்தான் திரும்பினேன். யாரோ தோளில் இடித்தார்கள். அது நேராகப் போய் அவன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

அவன் பாட்டை நிறுத்தினான். தொட்டுப் பார்த்தான். முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "இதான்டா மரியாதை!" என்று என்மேல் திருப்பித் துப்பினான். பிறகு கூட்டம் சும்மா இருக்குமா? தண்ணீர்ப் பஞ்சத்தில் மூன்று வாளி தண்ணீர் எனக்கு அன்றைக்குச் செலவு.

இதைக் கேட்டு, விசாரணைக்கு வந்து உட்கார்ந்திருந்த கிளைவ் விழுந்து விழுந்து சிரித்தான். "வாசல்லேருந்து மேடை ஒம்பது தப்படி. அங்கேருந்து நெத்தியில துப்புனானாம்! பீரங்கியையா முழுங்கியிருந்த, லென்?"

பெட்டிஃபர் பேனாவை மூடினார். "எங்க, துப்பிக் காட்டுங்க."

துப்பினேன். என் சட்டையிலேயே விழுந்தது. கட்டட வேலையை விட்டுப் பத்து வருடம். நெஞ்சு கழுவிக் கவிழ்த்த பானையாக இருந்தது. டோரீன் பியர் ஊற்றிக் கொடுத்தாள். வினிகரில் ஊறிய புளிப்பு முட்டை கொடுத்தாள். வாய் ஊறியதே தவிர, தூரம் போகவில்லை.

"சாட்சி செல்லாது" என்று கிளைவ் கோட்டை மாட்டினான்.

டோரீன் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அரை மணி நேரம் குடுங்க சார்."

உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வெளியே போய், கடையின் முகப்புச் சுவரைக் கொத்த ஆரம்பித்தேன். தூசியெல்லாம் நெஞ்சுக்குள் போக, வாயை அகலத் திறந்துகொண்டே கொத்தினேன்.

டோரீன் ஓடி வந்தாள். "அட பாவி! கடைய இடிக்க விடக்கூடாதுன்னுதானே ஒன்னக் கூப்ட்டேன்? நீயே இடிக்கிறியே!"

"சும்மா இரு டோரீன், வருது, வருது…"

வந்தது. வாசலுக்கு ஓடினேன். உள்ளே பெட்டிஃபர் அளவு நாடாவோடு மேடையில் ஏறி நின்றிருந்தார். ஒன்பது தப்படியும் தாண்டி அவர் மூக்குக் கண்ணாடியின் இடது வட்டத்தை அது மூடியது.

"அதிகாரி மேலயே துப்பிட்டான்! தொலஞ்சீங்கடா!" என்று கிளைவ் குதித்தான்.

பெட்டிஃபர் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, மூச்சை இழுத்து, என்னைப் பார்த்துத் துப்பினார். அது அவர் ஷூவைத் தாண்டவில்லை.

"மன்னிக்கணும், பழக்கமில்ல" என்று சொல்லி டோரீனின் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

தகடு இப்போது முகப்பில் இருக்கிறது. நான் கொத்திய ஓட்டை அதைவிடப் பெரிது. சுற்றிலும் செங்கல் பல்லிளிக்கிறது. வருகிறவர்கள் தகட்டை விட்டுவிட்டு அதைத்தான் படம் எடுக்கிறார்கள். பூசிவிடுகிறேன் என்றால் டோரீன் விடுவதில்லை.

"அத விடு கண்ணு. இந்தா, மாப்ப எடு. காலையிலயே நாலு பேரு வந்து துப்பிட்டுப் போயிட்டாங்க."