கிறிஸ்டி மாத்திப் போட்ட வரி

எனக்குக் கம்ப்யூட்டர்னாலே எரிச்சல். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில வெடி வெக்கிறவன் நான், பேரு பஞ்சநாதன். பட்டனை அமுத்துறது என் கை. நடுவுல எதுக்குய்யா ஒரு டப்பா?

அந்த டப்பாவைச் சரிபார்க்க வரதராஜன்பேட்டையிலேர்ந்து கிறிஸ்டின்னு ஒரு புள்ள வந்துச்சு. பழைய புரோகிராம்ல ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு நகரவே மாட்டேன்னுடுச்சு.

“அண்ணே, இது முதல்ல வயர்ல கொஞ்சமா கரண்ட் வுட்டு டெஸ்ட் பண்ணுது. அப்புறம்தான் கேட்டுல அட்டை தேய்ச்ச கணக்கை வெச்சு ஆளெல்லாம் வெளிய வந்தாச்சான்னு பாக்குது. திருப்பிப் போடணும்.”

“ரெண்டும் சரியா இருந்தாத்தானே வெடிக்கும்? எது முன்னாடி இருந்தா என்னம்மா?”

“கணக்குல ஒண்ணுதான். மெஷின் இடது பக்கத்துலேர்ந்துதான் பார்க்கும். அங்க சரியில்லைன்னு தெரிஞ்சா வலது பக்கத்தைத் தொடவே தொடாது. வூட்ல அரிசியே இல்லைன்னா உலை வெப்பீங்களா?”

வீம்புக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். அந்தப் புள்ள ரெண்டையும் இடம் மாத்திட்டு டீ குடிக்கப் போயிடுச்சு.

மறுநாள் குழியில எல்லாம் வெடிமருந்து போட்டு, வயர் இழுத்து, சங்கும் ஊதியாச்சு. பட்டனை அமுத்தினேன். டெஸ்ட்டே ஓடல. திரையில சிவப்பா, ஒரு ஆள் உள்ள இருக்குன்னு காட்டுது.

“உன் டப்பா லட்சணத்தைப் பாரு”ன்னு பக்கத்துல நின்ன கிறிஸ்டி மேல எரிஞ்சு வுழுந்தேன். அப்பத்தான் என்கூட வேலை பாக்குற என் தம்பி அறிவரசன் பள்ளத்துலேர்ந்து ஏறி வர்றான். மறந்து வெச்ச தண்ணி கேனை எடுக்கத் திரும்பிப் போயிருக்கான், கிறுக்குப் பய.

அவன் கேட்டுல அட்டையைத் தேய்ச்சதும் சிவப்பு போச்சு. மறுபடி அமுத்தினேன். வயர்ல டெஸ்ட் கரண்ட் மட்டும்தான் பாஞ்சுச்சு, அதுக்கெல்லாம் வெடிக்கவே கூடாது. ஆனா மூலைக்குழி ஒண்ணு டமார்னு கிளம்பிடுச்சு. கேன் இருந்த இடம் அது. டெஸ்ட் பண்ற கருவியில கோளாறாம், பிறகு சொன்னாங்க.

பழைய வரிசையா இருந்தா, அவன் அங்க நிக்கும்போதே டெஸ்ட் ஓடியிருக்கும். என்ன புள்ளைய்யா இது. ரெண்டு வார்த்தையை இடம் மாத்தி என் தம்பியை எனக்குக் குடுத்திருக்கு.

“கோளாறு இருக்குன்னு எப்படிம்மா தெரிஞ்சுது?”

“தெரியாதுண்ணே. உள்ள ஆள் இருக்கப்ப எதையும் தொடக் கூடாது. அவ்வளவுதான் தெரியும்.”

அறிவரசன் கேனைத் திறந்து என்கிட்ட நீட்டினான்.

“மொதல்ல அந்தப் புள்ளைக்குக் குடுடா”ன்னேன்.