டோர்ச்சுக்குள் கிடந்த குளிசைகள்

வினாயகமூர்த்தி லேசில் யாரையும் நம்பமாட்டார். வயல் வட்டைக்குத் தண்ணீர் பாயும்போது பக்கத்து வயற்காரன் திருப்பிவிடுவான் என்று வரம்பிலேயே குந்தியிருப்பார். அப்படிப்பட்ட மனிதர் மாரடைப்பு வந்து, இதயக்குழாய்க்குள் கம்பி வைத்துக்கொண்டு மண்டூருக்குத் திரும்பியிருந்தார்.

"கொழுப்பு இப்ப அளவாத்தான் இருக்கு. குழாய்க்குள்ள அழற்சிதான் அடங்கல்ல," என்றார் கிளினிக் டொக்டர். "நோயோட சண்டை பிடிக்கிற இரத்தக் கலங்களே அங்க கூடி நிண்டு குழாயைப் புண்ணாக்குது. இந்தக் குளிசை அதை அடக்கும்."

காவலுக்கு நிற்பவனே வீட்டைக் கொளுத்துவானா? அவருக்கு அந்தக் கதையே பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு மகள் கம்சாயினி போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, இந்த மருந்து கார்த்திகைக் கிழங்கில இருந்து எடுக்கிறதாம்."

வேலியில் படரும் அந்தக் கொடியின் கிழங்கைத் தின்று செத்தவர்களின் பாடையை அவர் தூக்கியிருக்கிறார். காலையில் குளிசை எடுத்துத்தரும் மனைவி இலட்சுமிப்பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்ப்பார். காணியை மகளுக்கு எழுதச் சொல்லி அவள் நச்சரித்தது நினைவுக்கு வரும். வாயில் போடுவதுபோல் பாவனை செய்து, கைக்குள் ஒளித்து, சாட்சிக்கு இருக்கட்டும் என்று பற்றரி கழற்றிய பழைய டோர்ச்சுக்குள் போட்டுவைப்பார்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு இலட்சுமிப்பிள்ளையிடம்தான் பாய்ந்தார். "அழற்சி குறையவே இல்ல. குளிசை ஒழுங்காக் குடுக்கிறல்லையா அம்மா? இன்னொருக்கா அடைச்சா ஆளைக் காப்பாத்த ஏலா."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். வினாயகமூர்த்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாவியைக் கடக்கும் பாதைப்படகிலும் அவள் கண்ணைத் துடைத்தபடியே வந்தாள்.

பொழுதுபடக் கரண்ட் போனது. இலட்சுமிப்பிள்ளை டோர்ச்சை எடுத்தாள். அது எரியவில்லை, கலகலத்தது. திறந்து உள்ளங்கையில் கொட்டினாள். குளிசைகள்.

"நான் நஞ்சு தாறனெண்டா நினைச்சீங்க?"

அவள் ஒன்றை எடுத்துச் சட்டென்று விழுங்கினாள்.

"துப்பு புள்ள! ஐயோ, துப்பு!" அவர் பாய்ந்து அவள் தாடையைப் பிடித்தார்.

"எனக்கெண்டா பதறுறீங்க. உங்களுக்கு ஒண்டெண்டா எனக்குப் பதறாதா?"

அவர் படுக்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாந்தி எடுக்கவில்லை, மயங்கவில்லை. மீனைப் பொரித்தாள், பூனையை ஏசினாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

விடிந்ததும் தானே கையை நீட்டிக் குளிசையை வாங்கி விழுங்கினார். இலட்சுமிப்பிள்ளை அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"வாயைத் திறங்க," என்றாள்.

திறந்தார்.

"நாக்கைத் தூக்குங்க."

தூக்கினார். அவள் நன்றாகக் குனிந்து பார்த்தாள். பிறகு அவருடைய இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.