பொய் சொன்ன பச்சைப் புள்ளி

கல்வராயன் மலையில் சாமை கொள்முதல் செய்யும் பெண்கள் சங்கம் எடைக் கணக்கை அனுப்புவதற்காக ஜெனிபர் எழுதிய மென்பொருள், கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. மலைமேல் சங்கம் இருக்கும் வெள்ளிமலைக்குப் போனதும்தான் புத்தியைக் காட்டியது.

"பச்சைப் புள்ளி எரிஞ்சிக்கினேதான் இருக்குது, ஜெனிபரு. நெட்டு இருக்குன்னு சொல்லுது. அனுப்புன எடை ஒண்ணுகூட போய்ச் சேரல!" என்று போனில் கொதித்தாள் சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெயசுதா.

"அங்கயும் லினக்ஸ் போட்டுடலாம்மா. இன்னாத்துக்கு மண்டைய ஒடைச்சிக்கினு?" என்றார் முதலாளி கலையரசன்.

"அவங்க பழகுனது விண்டோஸ், சார். அதுலயே ஓட வைக்கிறேன்."

ஒரு பழைய விண்டோஸ் மடிக்கணினியைத் தன் லினக்ஸ் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள். ரவுட்டரிலிருந்து வெளியே போகும் கம்பியைக் கழற்றினாள். பச்சைப் புள்ளி நம்பியிருந்த 'பிங்' கட்டளையை இரண்டிலும் கொடுத்து, தூரத்து சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். லினக்ஸ் தோல்வி என்றது. விண்டோஸோ வெற்றி என்றது! திரையை உற்றுப் படித்தாள். பதில் வந்திருந்தது உண்மைதான். ஆனால் சர்வரிடமிருந்து அல்ல. 'அங்கே போக வழியில்லை' என்று ரவுட்டர் சொன்னதையும் விண்டோஸ் பதில் கணக்கில் சேர்த்திருந்தது.

"அடப்பாவி!" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

பிங்கைத் தூக்கி எறிந்தாள். சர்வரோடு நேரடியாகத் தொடர்பு கொண்டு, அதுவே பதில் சொன்னால்தான் பச்சை என்று மாற்றி எழுதினாள். அதிலும் ஒரு இடக்கு. சர்வர் இணைப்பை மறுத்தால் லினக்ஸ் 111 என்ற பிழை எண்ணைத் தந்தது, விண்டோஸ் 10061, கலையரசனின் மேக் கணினி 61. மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவள் எழுதியிருந்த சோதனைகளுக்குத் தெரிந்ததோ 111 மட்டும். எண்ணை விட்டுவிட்டுப் பிழையின் பெயரைப் பார்க்கும்படி அவற்றை மாற்றினாள். மூன்று கணினிகளிலும் எல்லாச் சோதனைகளும் தேறின.

மறுநாளே மலைக்குப் பஸ் ஏறினாள். சங்கக் கணினியில் புது மென்பொருளை ஏற்றிவிட்டு, ஜெயசுதாவின் கண்ணெதிரே நெட் கம்பியைப் பிடுங்கினாள். புள்ளி சிவந்தது.

"இன்னாடி, செவப்பா எரியுது?"

"எரியுதுக்கா! எரியுது!" ஜெனிபர் குதித்தாள்.

கம்பியைச் செருகியதும் பச்சை. நெட் இல்லாத நேரத்தில் அனுப்பித் தேங்கிக் கிடந்த எடைகள் மளமளவென்று கிளம்பின. கலையரசனிடமிருந்து போன் வந்தது: "எல்லாம் வந்துருச்சும்மா! நீ கெட்டிக்காரி!"

ஜெயசுதா அவள் தோளை இறுகக் கட்டிக்கொண்டு, வெளியே வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "மூட்டைய எடுத்தாங்கடி! இனிமே ஒரு கிலோகூட வழியில நிக்காது!"