எண்ணெய் சாப்பிடாத இருதயராஜ்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் நானும் இருதயராஜும் ஒரே மேசைக்கு இரண்டு பக்கம் நின்று எண்ணெய் போட்டவர்கள். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகி வந்த தோல், ஈரம் முழுக்கக் காய்வதற்குள் எண்ணெய் குடித்தாக வேண்டும். தண்ணீர் வெளியேறும் இடத்தில் எண்ணெய் போய் உட்காரும். குடிக்காத தோல் காய்ந்ததும் அப்பளம் மாதிரி முறியும்.

எது எந்த எண்ணெய் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவோம். நல்லெண்ணெய் மார்கழிக் குளிரிலும் ஓடும். ஆட்டுக்கொழுப்பு, உருக்கி வைத்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் தோல்மேல் இன்னொரு தோலாகக் காயும். அதை மேசைப் பக்கமே விடமாட்டோம். எதுவானாலும் தண்ணீரோடு மட்டும் சேராது.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது வாடைதான். பட்டையும் எண்ணெயும் ஈரத்தோலும் கலந்த வாடை. வெளியூர்க்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். எனக்கு இன்றைக்கு எங்காவது அது கிடைத்தாலும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

இருதயராஜுக்கு அது ஆகவே ஆகாது. பகல் முழுக்க முழங்கை வரை எண்ணெயில் ஊறியவனுக்கு, வீட்டில் கடுகு வெடித்தாலே குமட்டும். கல்யாணமான புதிதில் அவன் பெண்சாதி ஞானம்மா குழம்பு தாளித்துப் போட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். அதிலிருந்து அவனுக்கு எல்லாம் அவித்ததுதான்.

"இன்னா இருதயம், கழுதை மாதிரி வெறும் தழையைத் தின்னுறியே?" என்பேன்.

"எண்ணெய் குடிக்க நான் இன்னா தோலா பாய்?" என்பான்.

பொழுது சீக்கிரம் சாயும் மாசத்தில் ஒருநாள் அவன் தொட்டியில் முட்டிக்கொண்டான். மறுநாள் வாசற்படியில் இடறினான். அப்புறம் வீட்டுக்குப் போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மாலைக்கண். ஒருவரிடமும் சொல்லாதே என்றான். தோளில் கையை வைத்துக்கொண்டு பாலாற்று மணலில் ஊர்க்கதை, கெட்ட கதை எல்லாம் சொல்லிக்கொண்டு வருவான். அவ்வளவு சிரித்த காலம் எனக்கு வேறு இல்லை.

ஆனால் மயிர் இருந்த பக்கம் போட வேண்டிய எண்ணெயை ஒரு சாயங்காலம் சதைப் பக்கம் போட்டு மாட்டிக்கொண்டான். மேஸ்திரி ஜியாவுல்லா வந்து நின்றார்.

"மாலைக்கண்ணா உனக்கு? ரம்ஜான் கழிஞ்சதும் விளக்கு வெச்சு வேலை. உன்னைத் தனியா நிக்க வெச்சுப் பாப்பேன். தெரியலன்னா எண்ணெய் மேசை கிடையாது, சுண்ணாம்புக் குழிக்குப் போய்டு."

மயிர் கழிய தோலை ஊறப்போடும் அந்தக் குழி ஆள் ஆழம். இருட்டினால் பார்வை போகிறவன் அதன் ஓரத்தில் நிற்பதும் உள்ளே குதிப்பதும் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், ஈரல் தின்னு, இல்லாவிட்டால் முருங்கைக்கீரை தின்னு என்று சொல்லியனுப்பினார். ஈரல் எங்கள் கூலிக்கு எட்டாது. கீரை வேலியோரமெல்லாம் கிடந்தது. ஞானம்மா தினமும் ஒரு சட்டி அவித்துப் போட்டாள். இருதயராஜ் ஒரு இலை விடாமல் தின்றான். பார்வை அப்படியேதான் இருந்தது. ரம்ஜான் நோன்பு பாதி ஓடிவிட்டது. ஞானம்மா என் வீட்டுக்கு வந்து என் பீவி அக்தரி பேகத்திடம் அழுதாள்.

"கீரையை எப்படி ஆக்குற?"

"உப்புப் போட்டு அவிக்கிறேன்க்கா."

"எண்ணெய்?"

"ஒரு சொட்டு ஊத்துனாலும் எழுந்து போய்டுவாரே."

அக்தரி அடுப்பில் கொதித்த சால்னாவைக் காட்டினாள். "மொளகா செவப்பு எங்க இருக்குது பாரு. மேல மிதக்கிற எண்ணெய்ல. அடியில தண்ணி வெளுத்துக் கெடக்குது. சில சரக்கு தண்ணில எறங்காது, எண்ணெய்லதான் எறங்கும். கண்ணுக்கான சத்தும் அந்த மாதிரிதான்னு வெச்சுக்கோ. நீ தழையை உள்ள அனுப்புற, தூக்கிட்டுப் போக ஆள் அனுப்பல."

"அவரு தின்னணுமேக்கா."

"உன் வீட்லதான் தட்டைத் தள்ளுவாரு. நோன்பு தொறக்குற நேரத்துக்கு இங்க வரச்சொல்லு. அடுத்த வீட்ல தள்ளட்டும் பாக்கலாம்."

அன்று மாலை என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். அக்தரி ஆட்டுக்கொழுப்பை உருக்கி, வெங்காயம் வதக்கி, கீரையைப் பிரட்டி வைத்திருந்தாள். வாடை பட்டதும் முகம் சுருங்கிப் பாதி எழுந்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து அக்தரி கேட்டாள். "இன்னா அண்ணே, எங்க வீட்டுச் சோறு எறங்கலியா?"

"ஐயோ, அதில்லம்மா!" உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்தான். கண்ணில் நீர் வந்தது.

"ஜாஸ்தி காரமா அண்ணே?"

"சூப்பராகீதும்மா," என்றான், ஆணி விழுங்கியவன் மாதிரி. நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனேன்.

நோன்பு முடியும் வரை தினமும் வந்தான். வரும்போதெல்லாம் என்னைத் திட்டுவான். "உன் தோஸ்த்னு வந்ததுக்கு என்னை உள்ள இருந்து பதம் போடுறீங்கடா பாய்."

பெருநாள் கழிந்தது. ஜியாவுல்லா என்னை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு ஒற்றை விளக்கில் அவனைத் தனியாக நிறுத்தினார். நான் வெளியே தோல் அடுக்குகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கை தேய்க்கும் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் மேஸ்திரியின் குரல். "நாலாவது தோல்ல கழுத்தாண்ட ஓட்டை இருக்குதே, பாத்தியா?"

"ரெண்டு ஓட்டை. வால் பக்கம் சின்னதா ஒண்ணு. நீங்கதான் பாக்கல."

மேஸ்திரி தோலைப் புரட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இருதயராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். இருட்டிவிட்டது. வழக்கம்போல் தோளைக் கொடுத்து நின்றேன். பிடிக்கவில்லை. என் முகத்தைக் குனிந்து பார்த்தான்.

"பாய், மீசைல நரை விழுந்துட்டுது உனக்கு."

"போடா."

சிரித்துக்கொண்டே மணலில் முன்னால் நடந்தான். அவன் அவ்வளவு வேகமாக நடப்பான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மெதுவாகப் போடா என்று கத்தினேன். அவன் எங்கே கேட்டான்.