தூள் வறுத்த மத்தியானம்

மோர்னிங்சைட் பக்கத்து அடுக்குமாடிக் கொண்டோ ஒன்றின் எட்டாம் மாடிக்குப் பாலேஸ்வரியும் கணவன் இரத்தினவேலும் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே எதிர்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். பெயர் கிளடிஸ். எழுபதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண். இளவயதில் கணவனோடு பிரிஸ்டலிலிருந்து கப்பலேறி வந்தவள். புதிதாக வந்தவர்களை விசாரித்துப் போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பாலேஸ்வரி சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள். அடுப்பில் ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது.

“உங்கள் சமையல் வாடை என் அலுமாரிக்குள் தொங்கும் கோட்டு வரைக்கும் வந்துவிட்டது” என்றாள் கிளடிஸ் ஆங்கிலத்தில். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு கட்டட நிர்வாகத்திடமிருந்து இரண்டு முறை எச்சரிக்கை வந்தது. பாலேஸ்வரி சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துவாயைச் சுருட்டி வைத்தாள். தை மாதக் குளிரிலும் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் தாளித்தாள். இரத்தினவேல் குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு சோறு சாப்பிடப் பழகிக்கொண்டான். கறித்தூளுக்கு மல்லி, மிளகாய் வறுக்கிற வேலையோ யூனியன்வில்லில் இருக்கும் தங்கச்சி வீட்டுக் கராஜுக்குப் போய்விட்டது. காய்ந்த செத்தல் மிளகாய் வறுபடும்போது எழும்புகிற காரம் ஒரு கட்டடத்தையே இரும வைக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

ஆறு வருடம் இப்படியே போனது. போன மாசி மாதத்தில் ஒரு நாள் பெரும் பனி கொட்டியது. பாலேஸ்வரி வேலை செய்யும் குழந்தைகள் டேகெயாரைப் பூட்டிவிட்டார்கள். பிறம்ரனில் லொறி ஓட்டும் இரத்தினவேலுக்கும் அன்றைக்கு வேலையில்லை. மத்தியானம் சமைக்கப் போனால் தூள் போத்தலில் அடிமண்டிதான் கிடந்தது. யூனியன்வில்லுக்குப் போகலாமென்றால் தெருவே தெரியவில்லை. எதிர்வீட்டிலும் ஆளில்லை. கிளடிஸ் கோடையில் சுகமில்லாமல் கிடந்து, பிறகு வான்கூவரில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள்.

“இஞ்சருங்கோ, நான் இண்டைக்கு இஞ்சயே தூள் வறுக்கப் போறன்.”

“உமக்கென்ன விசரே? ஃபயர் அலாம் அடிச்சால் முழுச் சனமும் பனிக்குள்ள நிக்கும்.”

“அடிச்சால் துவாயால விசுக்குங்கோ. அந்த மனுசியும் இல்லை. எனக்கு ஒருக்காவெண்டாலும் என்ர குசினியில வறுக்கவேணும்.”

இரத்தினவேல் துவாயை எடுத்துக்கொண்டு அலாமுக்குக் கீழே போய் நின்றான்.

முதலில் மல்லியைப் போட்டாள். அது பொன்னிறமாகி மணம் விட்டதும் அள்ளி வைத்துவிட்டு மிளகு, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், வெந்தயம் என்று ஒவ்வொன்றாக வறுத்தாள். கறிவேப்பிலை சட்டியில் சடசடத்தது. கடைசியாகச் செத்தல் மிளகாய். இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினார்கள். தும்மலுக்கு நடுவே பாலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. குடிவந்த பிறகு அந்த வீடு அவளுக்குத் தன் வீடாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

கதவுத் துவாரத்தால் பார்த்தாள். வெளியே கிளடிஸ் நின்றாள். வான்கூவரிலிருந்து எப்போது வந்தாளோ தெரியாது. ஆள் பாதியாக இளைத்துப்போய், கழுத்தில் எலும்பு தெரிய, வீட்டுச் செருப்போடு நின்றாள்.

“மன்னிக்கவேண்டும், நீங்கள் இல்லையென்று நினைத்தேன்” என்று பாலேஸ்வரி கதவைத் திறந்துகொண்டே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவசரமாகச் சொன்னாள். “இதோ அடுப்பை நிறுத்திவிடுகிறேன்.”

“நிறுத்தாதே!” கிளடிஸின் குரல் உடைந்தது. “தயவுசெய்து நிறுத்தாதே. நான் உள்ளே வரலாமா?”

பதிலுக்குக் காத்திராமல் அவள் நேரே குசினிக்குப் போனாள். சட்டிக்கு மேலே குனிந்து ஆழமாக மூச்சிழுத்தாள். மிளகாய்க் காரம் தொண்டையைப் பிடிக்க, கண்ணீர் வழிய வழிய இருமினாள். இரத்தினவேல் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினான். ஆனால் கிளடிஸ் இருமிக்கொண்டே சிரித்தாள்.

“மணக்கிறது” என்றாள். “எனக்கு மணக்கிறது!”

கதிரையில் இருந்து தண்ணீரைக் குடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். கோடையில் அவளுக்குக் கோவிட் வந்தது. காய்ச்சல் ஒரு கிழமையில் போனது. போகும்போது மணத்தையும் சுவையையும் கொண்டுபோய்விட்டது. எலுமிச்சை, கராம்பு, ரோஜா எண்ணெய் எல்லாவற்றையும் காலையும் மாலையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார் வைத்தியர். முகர்ந்தாள். ஒன்றும் வரவில்லை. எதைத் தின்றாலும் ஈரக் காகிதம்போல இருந்தது. சாப்பாடே வெறுத்துப்போனது. நேற்றுத்தான் வீட்டுக்குத் திரும்பினாளாம். இன்றைக்குச் சோபாவில் படுத்திருந்தவளுக்கு எங்கிருந்தோ மெல்லிய ஒரு மணம் வந்தது. முதலில் கனவென்று நினைத்தாளாம்.

பாலேஸ்வரிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே கோபமும் கிளம்பியது. எத்தனை பனிக்காலம் விறைத்த கையோடு வெங்காயம் வெட்டியிருப்பாள்!

“ஆறு வருடமாக இந்த மணத்தைத்தான் நீங்கள் வாடை என்று சொன்னீர்கள்” என்றாள். சொல்லிவிட்டுத் தன் துணிவை எண்ணித் தானே வியந்தாள்.

கிளடிஸ் தலையைக் குனியவில்லை. “ஓம், சொன்னேன். கறியின் மணம் எனக்கு நன்றாகத் தெரியும். என் அம்மா மாதத்தில் ஒரு நாள் கறி சமைப்பாள். அது இப்படி மணக்காது. அதனால் நீங்கள் ஏதோ பிழையாகச் செய்கிறீர்கள் என்று நினைத்தேன்.”

சிரிப்பதா அழுவதா என்று பாலேஸ்வரிக்குத் தெரியவில்லை. கிளடிஸுக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றி வைத்தாள்.

அன்றைக்கு அரைத்த தூளில் வைத்த உருளைக்கிழங்குக் கறியும் கொஞ்சம் சோறும் கிளடிஸ் சாப்பிட்டாள். அடுத்த நாளும் வந்தாள். பிறகு கிழமையில் மூன்று நான்கு நாள் வந்தாள். முதலில் மல்லியின் மணம் மட்டுந்தான் பிடிபட்டது. பங்குனியில் பெருஞ்சீரகம் வந்தது. வெந்தயம் வந்த அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையை உயர்த்திச் சொன்னாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

ஒரு சனிக்கிழமை அவளே ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “இதுதான் கறி. இங்கிலாந்துக் கறி” என்று பெருமையோடு மேசையில் வைத்தாள். மஞ்சள் குழம்பில் மாட்டிறைச்சித் துண்டுகளோடு அப்பிளும் திராட்சை வற்றலும் மிதந்தன. கடையில் விற்கிற தகரப்பேணித் தூள் போட்டுச் செய்ததாம். அவளுடைய பூட்டன் மதராசில் இராணுவக் கிளார்க்காக இருந்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்த பழக்கமாம்.

இரத்தினவேலும் பாலேஸ்வரியும் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. குழம்பை மட்டும் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தான் இரத்தினவேல். முகம் கோணியது.

“பாயாசத்துக்குள்ள தூள் கொட்டுப்பட்ட மாதிரிக் கிடக்கு” என்றான் தமிழில்.

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டாள் கிளடிஸ்.

“மிகவும் இனிப்பு என்கிறார்” என்றாள் பாலேஸ்வரி. பிறகு, மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டாள். “கறி என்பது எங்கள் சொல். தமிழ்ச் சொல். உங்கள் ஆட்கள் கொண்டுபோய்த் தகரப்பேணியில் அடைத்து விற்றார்கள். எங்களுக்குக் கறித்தூள் வேறு, கறி வேறு. மீனென்றால் ஒரு கறி, முருங்கைக்காயென்றால் இன்னொரு கறி. உங்களுக்கு எல்லாமே ஒரே மஞ்சள்.”

கிளடிஸ் திகைத்துப்போனாள். “அது ஆங்கிலச் சொல் என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்!”

பாலேஸ்வரிக்குத் தலை நிமிர்ந்தது. அந்த நேரம் பார்த்து இரத்தினவேல் குறுக்கே விழுந்தான். “ஆனால் இஞ்சேரும், மிளகாய் எங்கட இல்லை, தெரியுமே? அது போர்த்துக்கேயன் கொண்டந்தது. அதுக்கு முந்திச் சனம் மிளகைத்தான் போட்டது. பழைய தமிழில கறியெண்டாலே மிளகுதானாம், ரேடியோவில சொன்னவை.”

“நீங்கள் ஆரின்ர பக்கம்?” என்று சீறினாள் பாலேஸ்வரி. கிளடிஸ் விடாமல் கேட்டு அதையும் மொழிபெயர்க்க வைத்தாள். கேட்டதும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். பாலேஸ்வரியாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

சித்திரையில் கொண்டோவின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர் எழும்பி, ‘கறி நாற்றத்துக்கு’ ஒரு சட்டம் கொண்டுவரவேண்டும் என்றார். கூட்டத்தில் இருந்த தமிழர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். பாலேஸ்வரியும் பார்த்தாள். பிறகு எழும்பினாள். 

“நான் சமைப்பதை நிறுத்தமாட்டேன். என் அடுப்பு விசிறி காற்றை வெளியே தள்ளுவதில்லை. அதனால்தான் ஆறு வருடமாகப் பனிக்குள் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒருவராவது வந்து அந்த விசிறியைப் பார்த்தீர்களா?”

அடுத்ததாகக் கிளடிஸ் எழும்பினாள். “எட்டாம் மாடியிலிருந்து முறைப்பாடு செய்தவள் நான்தான். அதைத் திரும்பப் பெறுகிறேன். விசிறியைத் திருத்துங்கள்.”

நிர்வாகம் ஆளனுப்பிப் பார்த்தது. எட்டாம் மாடியின் காற்றுக் குழாய் பழைய கொழுப்பும் தூசியும் பிடித்து அடைபட்டுக் கிடந்தது. பாலேஸ்வரி குடிவருவதற்கு முந்திய அடைப்பு. துப்புரவாக்கிப் புது விசிறி பூட்டினார்கள். அன்றைக்குப் பாலேஸ்வரி ஜன்னலைப் பூட்டிவிட்டு மீன் பொரித்தாள். நடைவழிக்குப் போய் நின்று முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

வைகாசிக் கடைசியில், வேலை முடிந்து வந்தவள் கட்டட வாசலில் கிளடிஸைக் கண்டாள். ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த லைலாக் செடிக்குள் முகத்தைப் புதைத்தபடி நின்றாள் கிளடிஸ்.

“மணம் வருகிறதா?” என்று கேட்டாள் பாலேஸ்வரி.

“இல்லை. பூக்களின் மணம் ஒன்றும் இன்னும் வரவில்லை. இது எப்படி மணக்கிறதென்று சொல்லேன், மறந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது.”

பாலேஸ்வரி அந்தச் செடியைத் தாண்டித் தினமும் அவசரமாக நடந்து போனவள். ஒருநாள்கூட நின்று முகர்ந்ததில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கொத்தை இழுத்து முகர்ந்தாள்.

“தேன்போல... இல்லை, மழை பெய்த பிறகு... பொறுங்கோ, இன்னொருக்கா பாக்கிறன்” என்று தன்னை அறியாமல் தமிழில் சொல்லிக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். கிளடிஸும் பக்கத்தில் குனிந்தாள்.