கொதிநீர் காணாத நீலம்

தச்சர் போய்ச் சேர்ந்த பிறகும் அவருடைய மடக்குக் கத்தியின் நீலம் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. மேசை இழுப்பறையில் யார் கையும் படாமல் கிடந்த கத்தி அது. ஆனாலும் அலுமினியக் கைப்பிடியில் அவர் கட்டைவிரல் பதியும் இடம் நாளுக்கு நாள் அகலமாக வெளுத்தது. காலையில் அவர் மனைவி எழுந்து பார்த்தால் அவருடைய டம்ளரில் ஒரு நீலக் கைரேகை இருக்கும். அவளுக்குப் பயமில்லை, எரிச்சல்தான். உயிரோடு இருந்தபோதும் அந்த மனிதர் இப்படித்தான். கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.

தப்பு அவளுடையது. கத்தி ஆலையில் அவளுக்கு நீலத்தொட்டிக்காரி என்றே பெயர். கைப்பிடிகளை அமிலத்தில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு ஒரு படலம் ஏறும். துளைகள் சாயத்தைக் குடிக்கும். பிறகு கொதிநீரில் போட்டால் வாயை மூடிக்கொள்ளும். அப்படி மூடிய நிறம் சாவிக்கொத்தோடு வருடக்கணக்கில் பையில் கிடந்தாலும் லேசில் போகாது, விளிம்புதான் கொஞ்சம் வெளுக்கும். ஒரு நாள் ஆலையில் ஜன்னல் சட்டம் மாற்ற வந்த தச்சர் ஏணியிலிருந்து அவளைப் பார்த்தார், அவளும் பார்த்தாள், கைப்பிடிகளில் ஒன்று கொதிநீரைக் காணாமலே காய்ந்துபோயிற்று. கழிவுக்குப் போகவேண்டிய அந்தக் கத்தியை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கட்டைவிரல் நீலம். கல்யாணப் புகைப்படத்தில் அவள் தோளில் ஒரு நீலப் புள்ளி இருக்கிறது. மகள் பிறந்த அன்றே குழந்தையின் கன்னத்திலும் ஒன்று விழுந்தது. இத்தனை வருடம் ஒழுக அந்தக் கைப்பிடியில் சாயம் ஏது என்று ஆலையில் யாரும் கேட்கவில்லை. “குடுங்க, கொதிதண்ணில ஒரு முக்கு முக்கித் தர்றேன்” என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவர் கத்தியைப் பைக்குள் போட்டுக்கொள்வார். “நீ என்னைப் பார்த்ததால வந்த குறை. அது இப்படியே இருக்கட்டும்.”

கைப்பிடியில் நகக்கண் அளவு நீலம் மிஞ்சியபோதுதான் அவள் கத்தியை இழுப்பறையிலிருந்து வெளியே எடுத்தாள். அதுவும் போய்விட்டால் அவர் வருவதற்கு என்ன இருக்கிறது? பக்கத்துத் தொட்டியில் மஞ்சள் ஏற்றும் தோழியிடம் கத்தியைக் காட்டினாள்.

“இப்பவே கொதிதண்ணில போட்டா மிச்சம் நிக்கும்க்கா. ஆனா அப்புறம் டம்ளர்ல ஒட்டாது.”

“புதுசா ஏத்தினா?”

“பழசை உரிக்கணுமே. அவர் விரல் பதிஞ்ச இடமும் சேர்ந்து போயிடும்.”

மதியச் சாப்பாட்டைத் தொடாமல் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கைப்பிடியைக் கழற்றி, படலத்தை உரிக்கும் காரக்கரைசலில் தானே போட்டாள். பிறந்த மேனியாக வெளியே வந்ததைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். அமிலம், மின்சாரம், நீலம். தோழி கொதிநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்தாள். அவள் அதைத் தாண்டி நடந்துபோய், கைப்பிடியை ஈரத்தோடு பூட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பல காலைகள் டம்ளர் சுத்தமாகவே இருந்தது. அப்புறம் ஒரு காலை, டம்ளரில் பளிச்சென்று ஒரு கைரேகை, கதவில் ஒன்று, அவள் தலையணை ஓரத்தில் ஒன்று.

“கையைத் துடைச்சுட்டுத் தொடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது” என்றபடி டம்ளரை எடுத்தாள். கழுவாமல் அதிலேயே தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். அவள் உதட்டோரம் நீலமாக இருந்ததைப் பற்றி ஆலையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நீலத்தொட்டியில் வேலை பார்ப்பவள்தானே.