இடது கன்னத்துப் பட்டை

நரம்பு நோயில் உடம்பு முழுவதும் அடங்கிப்போனபின் அண்ணனுக்கு மிச்சமிருந்தது காதும் இடது கன்னத்தின் ஓர் அசைவும்தான். அசைவை உணரும் உலோகப் பட்டனைக் கன்னத்தில் ஒட்டினால் தோல் புண்ணானது. அதனால் அந்த அசைவைப் பிடித்துக் கணினியைப் பேசவைக்க, ஆய்வகத்தில் ஒரு ஜெல் பட்டை செய்தாள் தங்கை. முக்கால்வாசி தண்ணீர். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் லேசாக இழுத்தாலே கிழிந்துவிடும்.

"உன்ன மாதிரியே இதுவும் அறுந்தவாலு" என்று கணினிக் குரலில் சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே கன்னம் இழுபடச் சிரித்தான் அண்ணன். பட்டை கிழிந்தது. தங்கைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனிமே இந்தக் குப்பைய ஒட்ட மாட்டேன். கெட்டியா ஒண்ணு கொண்டு வரேன், அதுவரைக்கும் பேசாம இருண்ணா."

ஜெல்லை உறையவைத்து உருகவிட்டாள், மறுபடி உறையவைத்தாள். உப்புநீரில் ஊறவைத்தால் இறுகியது, மின்சாரம் திணறியது. மின்சாரத்தைச் சரிசெய்தால் கிழிந்தது. மாதங்கள் ஓடின.

"பழசயே ஒட்டேண்டி, பாதி வார்த்தையாவது பேசட்டும்" என்றாள் அம்மா. "இப்பல்லாம் சிரிக்கிறதுகூட இல்ல. உன்மேல கோவம் போல."

"அரைகுறையா எதுவும் வேணாம்மா." ஆராய்ச்சிக்காரப் புத்தி அப்படித்தான். கிழிகிற சரக்கை வெளியே காட்டக் கூசும்.

கடைசியில் ஒரு பட்டை ஐந்து மடங்கு நீண்டும் கிழியவில்லை, மின்சாரமும் குறையவில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அண்ணன் கன்னத்தில் ஒட்டினாள்.

"இப்போ எவ்வளவு வேணும்னாலும் கிண்டல் பண்ணுண்ணா. ஆரம்பி."

திரையில் கன்னத்தின் அசைவைக் காட்டும் கோடு நேராக ஓடியது. அவள் தொழிலில் கோடு அசையாவிட்டால் முதல் சந்தேகம் ஜெல்மேல்தான். பிய்த்துத் தன் கன்னத்தில் ஒட்டிப் பல்லைக் கடித்தாள். கோடு துள்ளியது. திரும்ப அண்ணனுக்கு ஒட்டினாள். நேர்க்கோடு.

அப்போதுதான் புரிந்தது. அண்ணன் சிரிக்காமல் இருந்தது கோபத்தால் இல்லை. அந்தக் கன்னம் என்றைக்கு ஓய்ந்ததோ, அதற்கு முன் என்னென்ன சொல்லத் துடித்ததோ. எல்லாவற்றையும் சொல்லவிடாமல் இவள்தான் அவன் வாயை அடைத்து வைத்திருந்தாள்.

"என்னடி, ஒண்ணும் பேச மாட்டேங்கிறான்?" என்றாள் அம்மா.

"ஜெல்லு சரியில்லம்மா" என்றாள், அண்ணன் காதில் விழும்படி. "இன்னும் கெட்டியாகணும்."

அம்மா அண்ணனின் தலையைக் கோதினாள். "கேட்டியாப்பா? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."